அம்பரில் உறைந்த, இன்று உலகில் இல்லாத எறும்பின் உடலமைப்பைப் படித்தறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெங்களூரு அல்சூரில் உள்ள என் வீட்டு மாடியறையில், ஞாயிற்றுக்கிழமைகளில், தமிழ் நண்பர்கள் சிலருக்கு அம்பர்த் துண்டுக்குள் இருக்கும் எறும்பை நுண்நோக்கியில் பார்க்கக் கற்றுக்கொடுத்து வருகிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் துண்டைத் தேய்க்கிறார்கள், பிறகு பார்க்கிறார்கள், கடைசியில்தான் எழுதுகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. தேய்த்துப்போன பிசின் திரும்ப வராது என்பதால், பார்ப்பதும் வரைவதும் முதலில் நடக்க வேண்டும்.

அத்தர் கடைகளில் அம்பர் என்று சொல்லப்படுவது திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் வாசனைப் பொருள். இங்கே நான் பேசும் அம்பர், பல கோடி ஆண்டுகளாக மண்ணுக்கடியில் இறுகிய மரப்பிசின். நாம் தூபத்தில் இடும் குங்கிலியத்தைப் போன்ற ஒரு பிசின் ஒழுகும்போது எறும்பு அதில் ஒட்டி மூழ்கி, அந்தப் பிசின் நெடுங்காலத்தில் இறுகிக் கெட்டிப்பட்டதாக எண்ணிக்கொண்டால் போதும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு முதல் எண்பது மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் இரட்டைக்கண் நுண்நோக்கி ஒன்று வேண்டும். அதன் ஒரு கண்வில்லைக்குள் அளவுகோல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அந்த அளவுகோலைச் சரிபார்க்க, ஒரு மில்லிமீட்டர் நூறு பிரிவுகளாகக் கோடிடப்பட்ட கண்ணாடித் தகடும் தேவை. இது இல்லாமல் எடுக்கும் அளவுகள் எதற்கும் உதவா.

ஒளிக்கு, வளையும் கழுத்துள்ள இரண்டு எல்.இ.டி. விளக்குகளும், கீழிருந்து ஒளி தரும் மேடையும் போதும். விளக்கின் முன் ஒட்டுவதற்கு டிரேசிங் தாள் வாங்கி வையுங்கள். தேய்ப்பதற்கு 600, 1000, 1500, 2000, 3000 எண் கொண்ட வாட்டர் பேப்பர்கள் (நீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்கள்; எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும்) வேண்டும். எஸ்.பி. ரோட்டுக் கடைத்தெருவில் இவை தனித்தனித் தாள்களாகவே கிடைக்கும். மருந்துக் கடையில் கிளிசரினும், மெருகேற்றச் சீரியம் ஆக்சைடு பொடியும் மென்மையான தோல் துண்டும் சேர்த்தால் பட்டியல் முடிந்தது.

ஆல்கஹால், அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி ஆகியவற்றை வேலை மேசையிலிருந்தே அகற்றிவிடுங்கள். பழக்கதோஷத்தில் துண்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடுபவர்கள் பலர். பிசினின் மேற்பரப்பு அதனால் மங்கி, நுண்ணிய விரிசல் விடும்.

2. முதலில் இன்றைய எறும்பைப் படியுங்கள்

அம்பருக்குள் ஓர் உறுப்பை அடையாளம் காண, அது தெளிவாக இருக்கும்போது எப்படித் தோன்றும் என்பது கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும். சன்னல் ஓரத்தில் இறந்து கிடக்கும் எறும்புகளே இதற்குப் போதும். ஒரு பெரிய கட்டெறும்பையும், கடித்தால் சுள்ளென்று எரியும் சிறு சிவப்பெறும்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கட்டெறும்பின் இடுப்பில் ஒரு கணு இருக்கும். சிவப்பெறும்புகளில் பலவற்றுக்கு இரண்டு கணுக்கள் இருக்கும். மாமரத்து முசுறு கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்களை இப்போதே உறுதி செய்துகொள்வது நல்லது. தலைக்குப் பின்னால் வருவதை மார்பு என்று சொல்வது முழுச் சரியன்று. எறும்பில் வயிற்றின் முதல் வளையம் மார்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆகவே அந்தப் பகுதியை நடுவுடல் என்கிறேன். அதன் பின் இடுப்புக்கணு, அதன் பின் பின்வயிறு. உணர்கொம்பின் முதல் நீண்ட துண்டு அடித்தண்டு, அதற்கப்பால் உள்ளவை நுனிக்கணுக்கள். வாய்க்கு மேலே இருக்கும் தகடு முகத்தட்டு.

நடுவுடலின் பின் கீழ்மூலையில், பின்காலின் அடிக்குச் சற்று மேலே, கிருமிகளை அழிக்கும் திரவம் சுரக்கும் சுரப்பியின் வாய் இருக்கும். இதைப் பின்மார்புச் சுரப்பி என்று அழைக்கலாம். எறும்புகளுக்கே உரிய உறுப்பு இது. ஆனால் காம்போனோட்டஸ் பேரினத்துக் கட்டெறும்புகளில் பெரும்பாலானவற்றிலும் முசுறிலும் இது இல்லாமல் போய்விட்டது. இந்த இரண்டையும் முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் உறுப்பு உண்மையிலேயே இல்லாதபோது அந்த இடம் எப்படி மழமழப்பாக இருக்கும் என்பது தெரிந்தால்தான், அம்பரில் ஓர் உறுப்பு மறைந்திருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் வேறுபாடு புரியும். ஹெப்பாளில் உள்ள வேளாண் பூச்சி வள நிறுவனத்தில் தேசியப் பூச்சிக் காட்சியகம் இருக்கிறது. முன் அனுமதி பெற்று முறையாகப் பெயரிடப்பட்ட எறும்புகளைப் பார்க்க முடிந்தால் வாய்ப்பைத் தவற விடாதீர்கள்.

3. துண்டின் பிறப்பிடமும் உண்மைத் தன்மையும்

எந்த நாட்டு அம்பர் என்பது தெரியாத துண்டில் எறும்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், அதன் வயதைச் சொல்ல முடியாது. பால்டிக் அம்பர் இயோசீன் காலத்தது (சுமார் 5.6 கோடி முதல் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம்). டொமினிக்கன் அம்பர் அதற்குப் பிந்தைய மயோசீன் காலத்தது (சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காலம்). மியான்மரின் ஹுகாங் பள்ளத்தாக்கில் கிடைக்கும் கச்சின் அம்பர் ஏறத்தாழ 9.9 கோடி ஆண்டுகள் பழையது. நம் நாட்டில் குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைக்கும் காம்பே அம்பர், 5 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடையது. சால மரமும் வெள்ளைக் குங்கிலிய மரமும் சேர்ந்த குடும்பத்து மரங்களின் பிசின் அது.

பழகுவதற்குப் பால்டிக் துண்டையே பரிந்துரைக்கிறேன். அதில் மிக அதிகமாகக் கிடைக்கும் எறும்பு டெனோபெதைலஸ் கோப்பெர்ட்டி. அந்தப் பேரினமே இன்று உலகில் இல்லை, ஆகவே அழிந்துபோன எறும்பைப் படிக்க அரிய துண்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. கச்சின் அம்பரை வாங்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே சுரங்கங்களும் ஆயுத மோதலும் பின்னிக் கிடக்கின்றன. 2017க்குப் பிறகு அங்கிருந்து வாங்கப்பட்ட துண்டுகள் குறித்த கட்டுரைகளை வெளியிட வேண்டாம் என்று முதுகெலும்பிப் புதைபடிவவியல் சங்கம் 2020இல் இதழ்களைக் கேட்டுக்கொண்டது.

அடுத்து, போலியைக் கண்டறிதல். வெதுவெதுப்பான நீரில் இனிக் கரையாது என்னும் வரை உப்பைக் கரைத்து, ஆறவிட்டு, துண்டை இடுங்கள். அம்பர் மிதக்கும். கண்ணாடியும் பேக்லைட் என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக்கும் மூழ்கும். ஆனால் மிதப்பதெல்லாம் அம்பர் ஆகிவிடாது. இளம் பிசினான கோபலும் மிதக்கும், சில பிளாஸ்டிக்குகளும் மிதக்கும். புறஊதா விளக்கின் கீழ் நீலச் சாயலான ஒளிர்வைப் பாருங்கள். ஐயம் தீரவில்லை என்றால் அகச்சிவப்பு நிறமாலைச் சோதனைதான் முடிவானது. சுட்ட ஊசியால் குத்தி மணம் பார்க்கும் முறையை யாரும் கையாள வேண்டாம். அந்தத் துளை என்றும் மாறாது.

எறும்பு துண்டின் நட்டநடுவில், கால்களைச் சமச்சீராக விரித்து, ஒரு குமிழியும் இன்றிப் படம் பிடித்தாற்போல் இருந்தால் ஐயப்படுங்கள். பிசினில் சிக்கிய உயிர் போராடியிருக்கும். மடங்கிய கால்களும் உடலருகே பிசின் ஓடிய வரிகளும் அதற்குச் சாட்சி.

4. தேய்க்கும் முன் பார்த்து வரையுங்கள்

ஒழுங்கற்ற பரப்புடைய துண்டு, கோணல் கண்ணாடி போல உருவத்தை வளைத்துக் காட்டும். அம்பரின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) சுமார் 1.54, காற்றினது ஏறத்தாழ 1. காற்றுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி பெரியது. துண்டைக் கிளிசரினில் மூழ்கவைத்தால் அந்த இடைவெளி வெகுவாகக் குறையும், ஏனெனில் கிளிசரினின் எண் 1.47. கெட்டியான சர்க்கரைப் பாகும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். ஆனால் பெங்களூரு வீடுகளில் பாகுக் கிண்ணத்தைத் திறந்து வைத்தால் உயிருள்ள எறும்புகள் வந்து மொய்த்துவிடும். கிளிசரினே வசதி. வேலை முடிந்ததும் தண்ணீரில் அலசி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

மேற்பரப்பை எட்டும் விரிசல் இருந்தால் மூழ்கவைக்காதீர்கள். திரவம் உள்ளே இறங்கி எறும்பின் வெற்றுடலுக்குள் புகுந்துவிடும். எலும்பில்லாத அந்த உடலின் உட்புறம் பல துண்டுகளில் வெறும் காற்றறையாகவே இருக்கிறது.

மூழ்கிய நிலையில் துண்டை மெல்லத் திருப்பி, எத்தனை கோணங்களில் எறும்பு தெரிகிறது என்று பாருங்கள். பென்சிலால் ஒரு வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு முனையும் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று குறியுங்கள். இந்த வரைபடம்தான் எந்தப் பக்கம் தேய்க்கலாம், எங்கே தொடவே கூடாது என்பதைத் தீர்மானிக்கும். என்னிடம் படித்த ஒருவர் இதை நேர விரயம் என்று எண்ணி நேரே தேய்க்கப் போனார். உணர்கொம்பின் நுனி மேற்பரப்புக்கு மிக அருகில் இருந்தது. இரண்டு நிமிடத்தில் கடைசி மூன்று கணுக்களும் தூளாகிப்போயின. எறும்பு ஆணா பெண்ணா என்று எண்ணிச் சொல்ல இருந்த சான்றின் பாதி அந்தக் கணுக்களில்தான் இருந்தது.

5. தேய்த்தலும் மெருகேற்றலும்

எறும்பின் பக்கவாட்டுத் தோற்றத்துக்கு இணையாக ஒரு தட்டையான முகம், அதற்கு நேர் எதிரே இன்னொன்று, முடிந்தால் தலையை நேரே பார்க்க மூன்றாவது முகம். இவ்வளவு போதும். எதிரெதிர் முகங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் கீழிருந்து வரும் ஒளி சிதறாமல் கடக்கும்.

வாட்டர் பேப்பரைக் கண்ணாடித் தகட்டின் மேல் விரித்து, நீர் விட்டு நனைத்து, ஒரே திசையில் முன்பின்னாக மெல்லத் தேய்க்கவும். அம்பரின் கடினத்தன்மை மோஸ் அளவில் (வைரத்துக்கு 10 என்று வைக்கும் அளவு) 2 முதல் 2.5 வரைதான், ஆகவே கை அழுத்தமே தேவையில்லை. உலர்ந்த தாளில் தேய்த்தால் சூடேறிப் பரப்பு இழுபடும், தூளும் மூக்கில் ஏறும். பத்துப் பதினைந்து தேய்ப்புக்கு ஒருமுறை கழுவி நுண்நோக்கியில் பார்த்தாக வேண்டும்.

ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குப் போகும்போது தேய்க்கும் திசையைத் தொண்ணூறு பாகை திருப்புங்கள். முந்தைய கீறல்கள் முழுதும் மறைந்தனவா என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். துண்டையும் கையையும் கழுவிய பிறகே அடுத்த தாளைத் தொடுங்கள். 600 எண் தாளின் ஒரு மணல் துகள் 3000 எண் தாளில் ஏறினால் வேலை முழுவதும் திரும்பச் செய்ய வேண்டியதாகிவிடும். இறுதியில் தோலில் சீரியம் ஆக்சைடு குழைத்து மெருகேற்றுங்கள்.

எறும்புக்கும் மேற்பரப்புக்கும் இடையே குறைந்தது அரை மில்லிமீட்டர் பிசினை விட்டுவைப்பது என் வழக்கம். இன்னும் அருகே போனால் தெளிவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மெல்லிய படலம் சில ஆண்டுகளில் காற்றுப்பட்டு விரிசல்விடும்போது முதலில் சிதைவது எறும்பே. விரிசல் மிகுந்த அரிய துண்டை நீங்களே தேய்க்க வேண்டாம். வெற்றிடத்தில் எப்பாக்சி என்னும் இறுகும் பசையை ஊற்றிப் பாதுகாத்த பிறகே அதை வெட்டுவார்கள். அதற்குரிய கருவியும் அனுபவமும் உள்ள ஆய்வகத்தில் செய்ய வேண்டிய வேலை அது.

6. ஒளியும் படமும்

ஒரே ஒளியில் எடுத்த ஒரே படத்தை நம்பாதீர்கள். கீழிருந்து வரும் ஒளியில் உடலின் வெளிக்கோடு, உரோமங்கள், கணைக்கால் முட்கள் ஆகியவை தெரியும். பக்கத்திலிருந்து சாய்வாக விழும் ஒளியில் தோலின் வரிகளும் தகடுகள் சேரும் கோடுகளும் தெரியும். விளக்கின் முன் டிரேசிங் தாளை ஒட்டாவிட்டால் பளபளப்பு ஒரு வெள்ளைப் புள்ளியாக விழும். புதியவர்கள் அதைத் தனிக்கண் (சில எறும்புகளின் தலையுச்சியில் இருக்கும் சிறு கண்) என்று வரைந்துவிடுவார்கள். விளக்கை நகர்த்திப் பாருங்கள். விளக்கோடு சேர்ந்து நகர்வது உறுப்பன்று.

குவியத்தைச் சிறிது சிறிதாக இறக்கி நாற்பது ஐம்பது படங்கள் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ், ஸீரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருளில் ஒன்றாகச் சேர்க்கலாம். சேர்த்த படத்தில் ஒன்றன்மேல் ஒன்று இருக்கும் கால்கள் ஒட்டிப்போய் ஒரே காலாகத் தோன்றுவது உண்டு. ஆகவே தனிப் படங்களை அழிக்காதீர்கள். ஐயம் எழும் இடத்தில் அவற்றைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும்.

7. உடலை எந்த வரிசையில் வாசிப்பது

எல்லோருடைய கண்ணும் தலைக்கே போகும். நான் இடுப்பிலிருந்து தொடங்கச் சொல்கிறேன், ஏனெனில் இது எறும்புதானா என்ற கேள்வி அங்கேதான் முதலில் தீர்கிறது. நடுவுடலுக்கும் பின்வயிற்றுக்கும் இடையே, இரு பக்கமும் இறுகிய, தனித்து நிற்கும் கணு இருக்க வேண்டும். சிறகில்லாக் குளவிகளும் எறும்பைப் போலவே தோன்றும். எறும்பு வேடமிடும் சிலந்திகளும் உண்டு. அவற்றுக்கு எட்டுக் கால்கள், உணர்கொம்பு கிடையாது.

அடுத்து நடுவுடல். சிறகு முளைத்த இடத்தில் தழும்பு உண்டா என்று பாருங்கள். இருந்தால் அது சிறகுதிர்த்த அரசி. நடுவுடல் எளிமையாகவும் ஒடுங்கியும் இருந்தால் வேலைக்கார எறும்பு. பின்மார்புச் சுரப்பியின் வாயை இப்போது தேடுங்கள். 1967இல் நியூ ஜெர்சி அம்பரிலிருந்து விவரிக்கப்பட்ட ஸ்பெகோமிர்மா ஃபிரெய், குளவியைப் போன்ற குட்டையான இரட்டைப் பல் தாடைகளும் எறும்பின் இடுப்பும் கலந்த உயிர். அதை எறும்புகளின் பக்கம் சேர்த்ததில் இந்தச் சுரப்பிக்குப் பெரும் பங்கு உண்டு. அவ்வளவு எடை தாங்கும் ஓர் உறுப்பை ஒரே ஒரு கோணத்தில் பார்த்து உறுதி செய்யக் கூடாது. நானே ஒருமுறை அந்த இடத்தில் ஒட்டியிருந்த சிறு காற்றுக் குமிழியைச் சுரப்பியின் வாய் என்று குறித்து, மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்த பிறகே அழித்தேன். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே இடத்தில் ஒரே வடிவில் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

பின்னர் தலை. உணர்கொம்பின் கணுக்களை எண்ணுங்கள். பெண்ணெறும்புகளில் பன்னிரண்டும் ஆணில் பதின்மூன்றும் இருப்பது தொன்மையான நிலை. பல இனங்களில் எண்ணிக்கை குறைந்தும் இருக்கிறது. அடித்தண்டின் நீளத்தைத் தலையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். இன்றைய வேலைக்கார எறும்புகளில் அது பொதுவாக நீண்டிருக்கும், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் கால எறும்புகள் பலவற்றில் குட்டை. ஜெரோன்டோஃபார்மிகா பேரினத்தில் முகத்தட்டின் விளிம்பில் முளைபோன்ற சிறு பற்கள் வரிசையாக இருக்கும். கீழொளியில்தான் அவை தெளிவாகத் தெரியும்.

தாடைகள் எந்தத் தளத்தில் அசைந்திருக்கும் என்பதைத் தனியாகக் குறியுங்கள். நாம் அறிந்த எறும்புகளின் தாடைகள் இடவலமாக மூடும். ஹைடோமிர்மெக்ஸ், செராட்டோமிர்மெக்ஸ் போன்ற கச்சின் எறும்புகளின் அரிவாள் தாடைகள் கீழிருந்து மேலாக எழுந்து, நெற்றிப் பக்கத்து மேட்டோடோ கொம்போடோ சேரும்படி அமைந்தவை. செராட்டோமிர்மெக்ஸ் ஒன்று இரையைத் தாடைக்கும் கொம்புக்கும் இடையே இறுக்கியபடியே உறைந்த துண்டு 2020இல் வெளியிடப்பட்டது, தாடை எப்படி வேலை செய்தது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது. பக்கவாட்டுப் படத்தை மட்டும் பார்த்துத் தாடையின் அசைவை முடிவு செய்யக் கூடாது. தலையை முன்னிருந்து பார்க்க மூன்றாவது முகம் தேய்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

கால்களில் பார்க்க வேண்டியது சுருக்கமானது: நடுக்கால், பின்கால் ஆகியவற்றின் கணைக்கால் நுனியில் எத்தனை முட்கள், நகத்தில் உட்பல் உண்டா. கிரெட்டேசியஸ் எறும்புகளில் இரண்டு முட்கள் வழக்கமானவை.

கடைசியில் பின்வயிற்றின் நுனி. கொடுக்கு நீண்டிருந்தால் உடனே தெரியும். கொடுக்கு இல்லாமல் உரோமம் சூழ்ந்த வட்டத் துளை இருந்தால் கட்டெறும்பின் குடும்பப் பிரிவு. குறுக்குப் பிளவாக இருந்தால் டெனோபெதைலஸ் சேர்ந்த பிரிவு. பால்டிக் துண்டுகளில் இந்த ஒரு வேறுபாடே பாதி அடையாளத்தைக் கொடுத்துவிடும்.

ஒவ்வோர் உறுப்புக்கும் எதிரே உண்டு, இல்லை, தெரியவில்லை என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். புதியவர்களின் பதிவேட்டில் மிகப் பெரிய பிழை, தெரியாததை இல்லை என்று எழுதுவதே. அந்த ஒரு சொல், எறும்பை வேறொரு கிளையில் கொண்டுபோய் வைத்துவிடும்.

8. அளத்தல்

ஒவ்வொரு பெரிதாக்க அளவிலும் கண்வில்லை அளவுகோலைத் தனியே சரிபார்க்க வேண்டும். கண்ணாடித் தகட்டின் 1 மி.மீ. கண்வில்லையில் 40 பிரிவுகளாகத் தெரிந்தால், ஒரு பிரிவு 0.025 மி.மீ. தலையின் நீளம், தலையின் அகலம், அடித்தண்டு, கண்ணின் நீளம், நடுவுடலின் மூலைவிட்ட நீளம் ஆகிய ஐந்தும் அடிப்படையானவை.

எறும்பு உங்களுக்காக மட்டமாகப் படுத்திருக்காது. சாய்ந்த உறுப்பை மேலிருந்து அளந்தால் நீளம் குறைவாக வரும். குவியத் திருகில் அளவு குறிக்கப்பட்டிருந்தால் இரு முனைகளின் ஆழ வேறுபாட்டைக் கண்டறியலாம். ஆனால் அம்பருக்குள் ஆழம் மேலெழுந்து தோன்றும், கிணற்றின் அடி அருகில் தெரிவதைப் போல. ஆகவே திருகில் கிடைத்த ஆழத்தை 1.54ஆல் பெருக்குங்கள். ஓர் அடித்தண்டு மேலிருந்து 0.60 மி.மீ., அதன் இரு முனைகளின் ஆழ வேறுபாடு திருகில் 0.30 மி.மீ. என்று வந்தால் உண்மையான ஆழ வேறுபாடு 0.46 மி.மீ., பிதாகரஸ் தேற்றப்படி அடித்தண்டின் உண்மை நீளம் சுமார் 0.76 மி.மீ. பெருக்காமல் விட்டால் 0.67 என்று வரும். குட்டை அடித்தண்டா நீண்டதா என்ற கேள்வியில் இந்த வேறுபாடு சிறியதன்று.

9. எறும்பைப் போலத் தோன்றும் எறும்பல்லாதவை

பால்டிக் அம்பரில் உடலைச் சுற்றிப் பால்போன்ற வெண்படலம் அடிக்கடி இருக்கும். நுண்ணிய குமிழிகளின் கூட்டம் அது. தோல் வெண்மையானது என்று எழுதிவிடக் கூடாது. நிறத்தையும் நம்பாதீர்கள். பழுப்பாகவும் கறுப்பாகவும் தெரிவதில் பிசினின் பங்கு அதிகம். பின்வயிறு சுருங்கியும் உப்பியும் இருக்கலாம், அதன் பருமனை இன அடையாளமாக எடுக்காதீர்கள். நட்சத்திர வடிவ நுண் உரோமங்கள் எறும்பின் மேல் ஒட்டியிருந்தால் அவை ஓக் மரத்தினுடையவை.

10. எக்ஸ்-கதிர் ஊடுகதிர்ப் படம் எப்போது தேவை

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்த பிறகு, எந்தக் குறிப்பிட்ட கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்று எழுத முடிந்தால் மட்டுமே மைக்ரோ சி.டி.யை (பல கோணங்களில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து முப்பரிமாண உருவம் தரும் முறை) நாடுங்கள். தாடையின் மூட்டு, வெண்படலத்துக்குள் மறைந்த முகத்தட்டு போன்றவை தகுந்த கேள்விகள். 2017இல் விவரிக்கப்பட்ட லிங்குவாமிர்மெக்ஸ் விளாடியின் கொம்பில் உலோகம் சேர்ந்திருக்கலாம் என்ற முடிவும் இத்தகைய படத்திலிருந்தே வந்தது. தோலுக்கும் பிசினுக்கும் அடர்த்தி வேறுபாடு குறைவு என்பதால் சாதாரணக் கருவியில் உருவம் மங்கலாக வரலாம். சின்க்ரோட்ரான் என்னும் துகள் முடுக்கியிலிருந்து வரும் வலிமையான எக்ஸ்-கதிர் அதைவிடத் தெளிவு தரும். இந்தூரில் உள்ள இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் அதற்கான படமெடுப்புத் தடம் உண்டு. கிடைத்த தரவை 3டி ஸ்லைசர் என்னும் மென்பொருளில் திறந்து, உறுப்பு உறுப்பாகப் பிரித்து வண்ணமிடலாம். பிரிப்பதற்கு முன் உங்கள் பென்சில் வரைபடத்தைப் பக்கத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் குமிழிகளையும் சேர்த்து எறும்பாக்கிவிடுவீர்கள்.

11. பதிவும் பாதுகாப்பும்

துண்டுக்கு ஓர் எண், பிறப்பிடம், வாங்கிய நாள், தேய்ப்பதற்கு முந்தைய எடை, எந்தெந்த முகம் எப்போது தேய்க்கப்பட்டது ஆகியவற்றைப் பென்சிலால் தடித்த தாளில் எழுதி, துண்டோடு ஒரே பெட்டியில் வையுங்கள். ஒளியும் காற்றும் அம்பரைப் பழுக்கவைத்து விரிசல்விடச் செய்யும். மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் பெட்டிகளில், இருட்டான அலமாரியில், சமையலறைச் சுவரை ஒட்டாத இடத்தில் வைப்பது நல்லது. பெங்களூரின் மிதமான வெப்பம் அம்பருக்கு உகந்ததே. மழைக்காலத்திலும் மார்ச், ஏப்ரல் வறட்சியிலும் ஈரப்பதம் ஏறி இறங்குவதுதான் தொல்லை. சிறிய ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிகளின் நடுவில் வைத்து, ஐம்பது விழுக்காட்டை ஒட்டி நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

புதிய இனமாக இருக்கலாம் என்று தோன்றினால் பெயர் சூட்ட அவசரப்படாமல், எறும்பு வகைப்பாட்டில் பயிற்சி பெற்ற ஆய்வாளருக்கு மூன்று முகங்களின் படங்களையும், தெரியவில்லை என்று குறித்த உறுப்புகளின் பட்டியலையும் அனுப்புங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அந்தப் பட்டியலைத்தான். விவரிக்கப்படும் துண்டு, எவரும் சென்று மீண்டும் பார்க்கக்கூடிய பொதுக் காட்சியகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.